மெயின் ரோடு: 84,569 பேர் நின்ற மைதானத்தோடு போனது எது?

1934 மார்ச் 3, சனிக்கிழமை. இங்கிலாந்துக் கால்பந்தின் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி. மான்செஸ்டர் சிட்டியின் சொந்த மைதானமான மெயின் ரோட்டில் எதிரணி ஸ்டோக் சிட்டி. அந்த அணியில் 19 வயது ஸ்டான்லி மாத்யூஸ். உள்ளே வந்தவர்கள் 84,569 பேர். இடது ஓரத்திலிருந்து சிட்டியின் எரிக் புரூக் தூக்கி அடித்த பந்து காற்றில் வளைந்து கோல்கீப்பரைத் தாண்டி உள்ளே விழுந்தது. ஆட்டம் 1-0. இங்கிலாந்தில் ஒரு கிளப் தன் சொந்த மைதானத்தில் கூட்டிய கூட்டங்களில் இதை மிஞ்சியது இன்றுவரை இல்லை. 2016இல் டாட்டன்ஹாம் அணி 85,512 பேரைக் கண்டது என்றாலும் அது வெம்பிளியை இரவல் வாங்கி ஆடிய ஆட்டம்.

2003 மே 11, ஞாயிறு. அதே மைதானத்தின் கடைசி ஆட்டம். சவுத்தாம்டனிடம் சிட்டி 0-1 என்று தோற்றது. வந்தவர்கள் 34,957 பேர். மைதானம் நிறைந்துதான் இருந்தது, ஏனென்றால் அப்போது அதன் கொள்ளளவே 35,150.

எண்பது ஆண்டுகளில் இப்படிப் பாதிக்கும் கீழே சுருங்கிய இடத்தை நினைத்து மூன்று தலைமுறை ரசிகர்கள் ஏங்குகிறார்கள். அந்த ஏக்கத்தைப் பேசுகிறவர்கள் உடனே எடுத்து வைப்பது 84,569 என்ற எண். எங்கள் பார்வையில் அந்த எண் தவறான வழிகாட்டி. 1934 ஆட்டத்தைப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் மைதானம் இடிபடுவதற்கு முன்பே மறைந்துவிட்டார்கள். 2003இல் கண்கலங்கியவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது வேறொன்றை: கூட்டம் எவ்வளவு என்பதைவிட, அது எங்கே எப்படி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது என்பதை. அதைப் படி, கம்பி, கூரை, வாயில் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

இடம் வந்த வழி

சிட்டி 1887 முதல் 1923 வரை ஆடியது ஹைடு ரோடு மைதானத்தில். கிழக்கு மான்செஸ்டரில், ரயில் பாதைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் இடையே இடுக்கில் கிடந்த மைதானம் அது. 1920 நவம்பரில் அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டால் அதன் பிரதான ஸ்டாண்ட் எரிந்து போனது. விரிவாக்கவும் இடமில்லை. அருகிலேயே பெல் வியூவில் ஒரு மனை பேசப்பட்டது. எட்டு ஏக்கர்தான் கிடைக்கும், அதுவும் குத்தகைக்கு. கிளப் அதை விட்டுவிட்டு நகரின் தெற்கே, மாஸ் சைடில் 16.25 ஏக்கரை 5,500 பவுண்டுக்கு வாங்கியது. கிழக்குப் பகுதி ரசிகர்களில் ஒரு பிரிவுக்கு இது பெரிய மனக்குறை. பழைய மைதானத்துக்காக ஏங்குவது சிட்டியில் 2003இல் தொடங்கியதல்ல, 1923இலேயே இருந்தது. ஹைடு ரோட்டின் கூரையில் ஒரு பகுதியை ஹாலிஃபாக்ஸ் டவுன் கிளப் விலைக்கு வாங்கித் தன் ஷே மைதானத்தில் ஏற்றிக்கொண்டது என்பதைச் சிட்டி ரசிகர்கள் இன்றும் அக்கறையாகச் சொல்வார்கள்.

புதிய மைதானத்துக்கு வரைபடம் போட்டவர் சார்லஸ் ஸ்வெய்ன். கட்டியது சர் ராபர்ட் மெக்கால்பைன் நிறுவனம். 300 நாளில், ஏறக்குறைய ஒரு லட்சம் பவுண்டில் வேலை முடிந்தது. 1923 ஆகஸ்ட் 25 அன்று ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு எதிராக முதல் ஆட்டம். சிட்டி 2-1 என்று வென்றது. தெருவின் பெயரில் ஒரு கதை உண்டு: டாக் கென்னல் லேன் என்று இருந்த பாதை, அமெரிக்காவின் மெயின் மாநிலம் 1851இல் கொண்டுவந்த மதுவிலக்குச் சட்டத்தைப் போற்றிய இயக்கத்தாரால் மெயின் ரோடு ஆனது.

அமைப்பு எளிமையானது. ஒரே ஒரு பக்கத்தில் கூரை போட்ட பிரதான ஸ்டாண்ட், அதில் 10,000 இருக்கை. மற்ற மூன்று பக்கமும், வளைந்த மூலைகள் உட்பட, வெட்டவெளியில் நிற்கும் கேலரி. அதாவது 1934இல் வந்தவர்களில் சுமார் 74,500 பேர் நின்றுகொண்டுதான் பார்த்தார்கள். வடநாட்டு வெம்பிளி என்று அதை அழைத்தது அந்தக் கேலரிகளின் பரப்பை வைத்துத்தான்.

84,569ஐ உள்ளே வைப்பதற்கு என்ன வேண்டும்

இந்த எண்ணை இன்றைய பாதுகாப்பு விதிகளில் போட்டுப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். பிரிட்டனில் மைதானப் பாதுகாப்புக்கான கையேட்டை எல்லோரும் பச்சைப் புத்தகம் என்பார்கள். முதல் பதிப்பு 1973. ஒரு கேலரியின் கொள்ளளவு என்பது மூன்று எண்களில் சிறியது எதுவோ அது என்பது அதன் அடிப்படை: எத்தனை பேர் உள்ளே வர முடியும், எத்தனை பேர் நிற்க முடியும், எத்தனை பேர் வெளியேற முடியும்.

முதலில் நிற்பது. நல்ல நிலையிலுள்ள கேலரியில் 10 சதுர மீட்டருக்கு 47 பேர் என்பது உச்ச வரம்பு. 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசல் விபத்துக்கு முன்பு அது 54. 74,569 பேரை 47 கணக்கில் நிறுத்த 15,900 சதுர மீட்டர் படி வேண்டும். 105க்கு 68 மீட்டர் உள்ள ஆடுகளத்தின் பரப்பு 7,140. ஆக இரண்டு ஆடுகளத்துக்கும் மேலான இடம். அந்தப் பரப்பு முழுவதும் ஒரே சீராக நிரம்ப வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். கூட்டம் ஒருபோதும் சீராக நிரம்பாது. வாயிலிலிருந்து உள்ளே வந்தவர் முதலில் நல்ல பார்வை கிடைக்கும் இடத்தில் நிற்பார்; பின்னால் வருகிறவர் அவருக்குப் பக்கத்திலேயே நிற்பார்; மூலைகள் காலியாக இருக்கும்போதே நடுப்பகுதி வரம்பைத் தாண்டிவிடும். மொத்த எண்ணிக்கை சரியாக இருந்தும் ஆபத்து நேர்வது இப்படித்தான். சுழல் வாயில் எண்ணிக் காட்டுவது மொத்தத்தை மட்டுமே, நெரிசல் எங்கே என்பதை அது காட்டாது.

இரண்டாவது உள்ளே வருவது. ஒரு சுழல் வாயில் வழியாக மணிக்கு 660 பேர் என்று வைத்துக்கொள்வது கையேட்டின் வரம்பு. ஒரே மணி நேரத்தில் 74,569 பேரை உள்ளே விட 113 வாயில் வேண்டும். இரண்டு மணி நேரம் கிடைத்தால் 57 போதும். அந்தக் காலத்தில் இந்த நேரத்தைக் கொடுத்தது சனிக்கிழமை அரைநாள் வேலை. ஆலைச் சங்கு பகலில் ஊதியதும் ஆட்கள் நேராக மைதானத்துக்கு வந்தார்கள். வீட்டுக்குப் போய்த் திரும்பியவர் வெளியே வரிசையில் நின்றார். முன்பதிவு இல்லாததால் நல்ல இடம் வேண்டுமானால் முன்கூட்டியே வர வேண்டும் என்ற கட்டாயம், கூட்டத்தைத் தானாகவே பல மணி நேரத்துக்குப் பரப்பிவிட்டது. லீக் ஆட்டங்களுக்குக் குறைந்தபட்ச நுழைவு 1 ஷில்லிங். காசை வாயிலில் நீட்டி உள்ளே போவதுதான் வழக்கம், கையில் டிக்கெட் இராது.

மூன்றாவது, பெரும்பாலோர் நினைக்கவே நினைக்காத வெளியேற்றம். நெருக்கடியில் எட்டு நிமிடத்துக்குள் கேலரி காலியாக வேண்டும் என்பது கையேடு தரும் அதிகபட்சம். எட்டு நிமிடத்தில் 74,569 பேர் என்றால் நிமிடத்துக்கு 9,300க்கும் மேல். சமதளத்தில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம், படிக்கட்டில் 66. ஆகச் சமதளமாக இருந்தால் மொத்தம் 114 மீட்டர் அகல வழி, படிக்கட்டாக இருந்தால் 141 மீட்டர். சுற்றிலும் குறுகிய தெருக்களும் வரிசை வீடுகளும் நிற்கும் மாஸ் சைடில், மைதானச் சுவரைத் தாண்டிய பிறகும் அந்த அகலம் தொடர வேண்டும். தெரு குறுகினால் அங்கே நெரிசல் உருவாகிப் பின்னோக்கி வளர்ந்து கேலரிப் படிவரை வந்து சேரும்.

படிகளின் உடலமைப்பையும் சொல்ல வேண்டும். நிற்கும் கேலரியில் ஒரு படியின் ஆழம் 35 முதல் 40 செ.மீ., உயரம் 10 முதல் 18 செ.மீ.க்குள். ஒருவர் நிற்கவும் ஒரு காலைக் கீழ்ப்படியில் ஊன்றித் தாங்கவும் அதுவே அளவு. இடையிடையே இடுப்புக்கு மேல், ஏறக்குறைய 1.1 மீட்டர் உயரத்தில் தடுப்புக் கம்பிகள். அதைவிட உயர்ந்தால் கம்பி மார்புக்கூட்டை அழுத்தும், தாழ்ந்தால் ஆள் அதன்மேல் கவிழ்ந்துவிடுவார். கம்பிகளின் இடைவெளியைப் பொறுத்து ஒரு மீட்டர் நீளத்துக்கு 5 கிலோநியூட்டன் வரை, அதாவது அரை டன் எடையளவு தள்ளலை, அவை தாங்க வேண்டும். கம்பிக்கும் கம்பிக்கும் இடையே விடும் சந்துகள் மேலிருந்து கீழ்வரை நேர்க்கோட்டில் அமைந்துவிட்டால் அதுவே ஒரு சறுக்குப் பாதை: கோல் விழுந்ததும் பின்னால் உள்ளவர் முன்னால் சாய, அந்தச் சாய்வு பத்து வரிசை, இருபது வரிசை என்று கூடிக்கொண்டே இறங்கும். சந்துகளை மாற்றி மாற்றி வைத்தால் சாய்வு இரண்டு மூன்று வரிசையோடு நின்றுவிடும். கேலரியில் நின்றவர்கள் “அலை அடித்தது” என்று ஆசையாக நினைவுகூர்வது இந்தச் சாய்வைத்தான். ஒரே இயற்பியல்தான், கம்பி சரியாக இருந்தால் சிலிர்ப்பு, சரியில்லாவிட்டால் சாவு.

அதே சுற்று, அதே எதிரணி, 12 ஆண்டு கழித்து

மெயின் ரோட்டில் 84,569 பேர் பத்திரமாக வீடு திரும்பினார்கள். அதை வைத்து அந்தக் காலக் கூட்டங்கள் தம்மைத் தாமே காத்துக்கொண்டன என்று சொல்கிறவர்கள், சுமார் 20 கி.மீ. தள்ளிப் போல்டன் ஊரில் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1946 மார்ச் 9. போல்டன் வாண்டரர்ஸின் பர்ண்டன் பார்க். மறுபடியும் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதி, மறுபடியும் ஸ்டோக், மறுபடியும் மாத்யூஸ். கணக்கில் வந்தவர்கள் 65,419. உண்மையில் உள்ளே இருந்தவர்கள் 85,000 வரை என்று மதிப்பிடப்பட்டது. கிட்டத்தட்ட மெயின் ரோட்டுச் சாதனையின் அளவு. போர்க்காலத்தில் அரசு எடுத்துக்கொண்ட ஒரு ஸ்டாண்ட் இன்னும் கிடங்காகவே இருந்ததால் அந்தப் பக்கத்துச் சுழல் வாயில்கள் திறக்கப்படவில்லை. ரயில்வேக் கரைப் பக்கக் கேலரிக்கு வர வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே மூலையில் குவிந்தார்கள். வாயில்களை மூடிய பிறகும் சுவரேறி வந்தார்கள். உள்ளே நெரிசல் தாங்காமல் சிறுவன் ஒருவனோடு வெளியேற முயன்றவர் பூட்டிய கதவு ஒன்றைத் திறக்க, வெளியே நின்றவர்கள் அதன் வழியே பாய்ந்தார்கள். இரண்டு தடுப்புக் கம்பிகள் முறிந்தன. 33 பேர் இறந்தார்கள். உடல்களை அப்புறப்படுத்திவிட்டு, மரத்தூளால் புதிய எல்லைக்கோடு போட்டு ஆட்டத்தை முடித்தார்கள்.

விசாரணை நடத்திய மொயல்வின் ஹியூஸ், மைதானங்களுக்கு உரிமம் வேண்டும், வரம்பு வேண்டும், இயந்திரக் கணக்கு வேண்டும் என்று எழுதினார். சட்டம் வரவில்லை. 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் படிக்கட்டில் 66 பேர் நசுங்கி இறந்த பிறகே 1975இல் விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முப்பது ஆண்டுத் தாமதம். மெயின் ரோட்டின் பெரிய எண்கள் எல்லாம் இந்தச் சட்டமில்லாத காலத்தின் எண்கள் என்பதை மறந்துவிட்டு அவற்றைக் கொண்டாடக் கூடாது.

ஊர் முழுவதற்குமான மைதானம்

மெயின் ரோடு சிட்டிக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. 1941 மார்ச்சில் ஜெர்மன் குண்டுகள் ஓல்டு டிராஃபர்டைச் சிதைத்தன. போட்டிக் கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட், ஆண்டுக்கு 5,000 பவுண்டும் வாயில் வசூலில் ஒரு பங்கும் கொடுத்து, 1949 வரை மெயின் ரோட்டிலேயே ஆடியது. 1948 ஜனவரி 17இல் யுனைடெட்டும் ஆர்சனலும் 1-1 என்று முடித்த ஆட்டத்துக்கு 83,260 பேர் வந்தார்கள். இங்கிலாந்து லீக் ஆட்டத்துக்கான சாதனை அதுதான். சிட்டியின் மைதானத்தில் அந்தச் சாதனை யுனைடெட்டின் பெயரில் இருக்கிறது. அன்று யுனைடெட்டின் மேலாளர் மாட் பஸ்பி. 1934இல் கோப்பை வென்ற சிட்டி அணியில் ஆடியவர். 1956 செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பையில் ஆண்டர்லெக்டை யுனைடெட் 10-0 என்று அடித்ததும் மெயின் ரோட்டில்தான். ஓல்டு டிராஃபர்டில் அப்போது இரவு ஆட்டத்துக்கான விளக்குக் கம்பங்கள் இல்லை. மெயின் ரோட்டில் 1953 முதலே இருந்தன.

போருக்குப் பிந்திய அந்த ஆண்டுகளின் கூட்டம் நாடு முழுவதும் பெருகிய கூட்டம். 1948-49 சீசனில் லீக் ஆட்டங்களுக்கு வந்தவர்கள் 4.1 கோடிக்கும் மேல். 1985-86இல் அது 1.65 கோடியாக இறங்கியது. தொலைக்காட்சி, சொந்தக் கார், சனிக்கிழமைக்கு வேறு பொழுதுகள், கேலரிச் சண்டைகள், சீர் செய்யாத கழிப்பறைகள் எல்லாமே இதில் பங்குதாரர்கள். எந்த ஒரு மைதானத்தின் குறையும் அதற்குக் காரணமில்லை, எந்த ஒரு மைதானத்தின் அழகும் அதைத் தடுத்திருக்காது.

கிப்பாக்ஸ்

உண்மையான ஏக்கத்தின் முகவரி இதுதான். பிரதான ஸ்டாண்டுக்கு எதிரே, ஆடுகளத்தின் நீளப் பக்கம் முழுவதும் ஓடிய கேலரி. முதலில் அதைப் பொதுஜனப் பக்கம் என்ற பொருளில் பாப்புலர் சைடு என்றார்கள். 1957இல் கூரை போட்டபோது பின்புறத் தெருவின் பெயரால் கிப்பாக்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டாண்ட் ஆனது.

இங்கிலாந்தில் பாட்டும் கோஷமும் எழுப்பும் சொந்த ரசிகர்கள் வழக்கமாக நிற்பது கோல் கம்பத்துக்குப் பின்னால். லிவர்பூலின் காப், யுனைடெட்டின் ஸ்ட்ரெட்ஃபர்ட் எண்டு, எல்லாம் அப்படி. சிட்டியில் அவர்கள் நின்றது பக்கவாட்டில். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பலவும் பிறந்தன. கோல் பின்புறம் நிற்பவருக்கு ஆட்டம் வருவதும் போவதுமாக, பாதி நேரம் தொலைவில் நடக்கும். பக்கவாட்டில் நிற்பவர்முன் ஆட்டம் இடமும் வலமுமாக ஓடும். எல்லைக்கோட்டை ஒட்டி ஓடும் விங்கர் ஆட்டம் முழுவதும் அவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில். அவர்கள் குரல் தவறு செய்தவன் காதிலும் விழும், நன்றாக ஆடியவன் காதிலும் விழும். நீளப் பக்கம் என்பதால் ஒரு முனையில் தொடங்கிய பாட்டு மறுமுனைக்குப் போய்ச் சேரச் சில நொடிகள் பிடிக்கும். 100 மீட்டரை ஒலி கடக்க 0.3 நொடி போதும்; ஆனால் மனிதர் கேட்டு, புரிந்து, சேர்ந்து பாட அதற்கும் மேலாகும். அதனால் கிப்பாக்ஸின் பாட்டு ஒரே அடியாக வெடிக்காமல் நகர்ந்து வரும். ஆழமும் நீளமுமான தாழ்ந்த தகரக் கூரை அந்தச் சத்தத்தை மேலே விடாமல் ஆடுகளத்தை நோக்கித் திருப்பியது.

இன்னொன்று, யார் யாரோடு நின்றார்கள் என்பது. இருக்கை எண் இல்லாத இடத்தில் நண்பர்கள் தனித்தனியாக வந்து ஒரே கம்பியருகில் சேரலாம். பதினான்கு வயதுப் பையன் அப்பாவின் கம்பியை விட்டு அடுத்த சீசனில் தன் கூட்டாளிகளின் கம்பிக்கு நகரலாம். காசு வாங்கும் அலுவலகத்துக்கு அது தெரிய வேண்டியதில்லை. அந்தக் கம்பியே முகவரி. இருக்கை வந்ததும் இது அறுந்தது. நான்கு பேர் சேர்ந்து உட்கார வேண்டுமானால் நான்கு பேரும் ஒரே நேரத்தில், ஒரே பணவசதியோடு, ஒரே வரிசையில் டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும். ஏக்கத்தின் வேர் இதில்தான் அதிகம் என்று நாங்கள் நினைக்கிறோம். கூரையைக்கூடத் திரும்பப் போடலாம், இதைத் திரும்பக் கட்டுவதுதான் கடினம்.

கிப்பாக்ஸ் எதிலும் தோற்று மூடப்பட்டதல்ல. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோவில், லிவர்பூல் ரசிகர்கள் வேலியடைத்த நடுக்கூண்டுகளில் நெரிந்தார்கள். இறந்தவர்கள் 97 பேர். அதை விசாரித்த நீதிபதி டெய்லர் அடுத்த ஆண்டு தந்த அறிக்கையின் வழியே, உயர்நிலை மைதானங்கள் 1994 ஆகஸ்டுக்குள் முழுக்க இருக்கை ஆக வேண்டும் என்று முடிவானது. கிப்பாக்ஸில் கடைசியாக நின்று பார்த்தது 1994 ஏப்ரல் 30இல், செல்சியுடன் 2-2 என்று முடிந்த ஆட்டம். பிறகு இடிப்பு.

ஏன் 35,150?

நின்ற இடத்தில் இருக்கை போட்டால் என்ன ஆகும் என்ற கணக்கு இது. நவீன மைதானத்தில் ஓர் இருக்கைக்கு 80 செ.மீ. ஆழம், 50 செ.மீ. அகலம் என்று கொண்டால் 0.4 சதுர மீட்டர்; ஒரு சதுர மீட்டருக்கு 2.5 பேர். நின்றால் 4.7. பழைய 15,900 சதுர மீட்டரையும் அப்படியே இருக்கையாக்கினால்கூட 39,750. பிரதான ஸ்டாண்டின் 10,000ஐச் சேர்த்தால் 50,000க்குச் சற்றுக் கீழே. அப்படியானால் மெயின் ரோடு ஏன் 35,000இல் நின்றது?

ஒரு காரணம் பார்வைக்கோடு. நிற்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.6 மீட்டர், உட்கார்ந்தவரின் கண் 1.2. நிற்பவர் தலையைச் சாய்த்து, கால் விரலில் எழும்பிப் பார்த்துக்கொள்வார். உட்கார்ந்தவரால் முடியாது. முன்னால் உள்ளவர் தலைக்கு மேலே குறைந்தது 6 செ.மீ., நன்றாக இருக்க வேண்டுமானால் 9 செ.மீ., இடைவெளி பார்வைக்குக் கிடைக்க வேண்டும். அதற்கு வரிசை செங்குத்தாக ஏற வேண்டும். பழைய கேலரியின் சரிவு போதாது. இருக்கையைப் பழைய படியிலேயே முடுக்கிய மைதானங்களில் எல்லாம் பந்து பாதி நேரம் மறைந்தது. ஆக, இடித்துத்தான் கட்ட வேண்டும். இடித்தால் புதிய சரிவு மேலே போகும், மேலே போனால் பின்னால் இருக்கும் வீடுகளின் வெளிச்சம் மறையும், அனுமதி எளிதில் கிடைக்காது.

இன்னொரு காரணம் துண்டு துண்டாகக் கட்டியது. வடக்குப் பக்கம் 1971இல் தூணில்லாக் கூரையோடு மாறியது. 1982இல் பிரதான ஸ்டாண்டுக்கு வெள்ளை நிறத்தில் பீப்பாய் பீப்பாயாக வளைந்த கூரை. அதே கூரையைச் சுற்றிலும் கொண்டுபோகும் திட்டத்துக்குப் பணமில்லை. தெற்கே பிளாட் லேன் பக்கம் 1992-93இல் சொகுசு அறைகளோடு புதிதானது. சொகுசு அறை என்பது தலைக்கு இடம் அதிகம் தின்னும் ஏற்பாடு. 1995இல் புதிய கிப்பாக்ஸ் மூன்று அடுக்காக, அப்போது நாட்டிலேயே மிக உயரமான ஸ்டாண்டாக எழுந்தது, சுமார் 14,000 இருக்கையோடு. நான்கு பக்கமும் நான்கு உயரம், நான்கு காலம். மூலைகள் இணையவில்லை. கிப்பாக்ஸுக்கும் வடக்கு ஸ்டாண்டுக்கும் இடையே கூரையில்லாமல் போட்ட தற்காலிக இருக்கைகளுக்கு, மழையில் நனைந்தபடி பாடி ஆடிய ஹாலிவுட் நடிகரின் நினைவாக ஜீன் கெல்லி ஸ்டாண்ட் என்று ரசிகர்கள் பெயர் வைத்தார்கள். மான்செஸ்டர் மழையில் அங்கே உட்கார்ந்து பாடியவர்களுக்குப் பொருந்திய பெயர்.

புதிய கிப்பாக்ஸில் பார்வை நன்றாக இருந்தது, தூண் மறைக்கவில்லை. ஆனால் கூரை மிக மேலே போய்விட்டது, மூன்று அடுக்கும் மூன்று தனிக் கூட்டம் ஆகிவிட்டது. பாட்டு ஓர் அடுக்கில் எழுந்து அங்கேயே அடங்கியது. மெயின் ரோட்டுக்கான துக்கம் 2003இல் நிகழ்ந்ததாகச் சொல்வது வழக்கம். அதில் பெரும்பகுதி 1994லேயே நிகழ்ந்துவிட்டது என்பதே எங்கள் முடிவு.

எண்ணிக்கை பொய் சொல்லும் இடம்

1998-99 சீசனைத் தனியாக எடுத்துப் பார்க்கலாம். சிட்டி மூன்றாம் நிலைக்கு, அதன் வரலாற்றிலேயே மிகக் கீழே, விழுந்திருந்தது. முதல் ஆட்டத்தில் பிளாக்பூலுக்கு எதிராக 32,134 பேர். சீசன் முழுவதும் சராசரி 28,261. அதே சீசனில், அதே மைதானத்தில், டிசம்பர் மாதம் கீழ்நிலைக் கிளப்களுக்கான கோப்பையில் மான்ஸ்ஃபீல்டு டவுனுடன் ஆடியபோது வந்தவர்கள் 3,007. மைதானமும் ஒன்று, அணியும் ஒன்று. மைதானம் தானாகக் கூட்டத்தை இழுக்கும் என்ற நினைப்புக்கு 3,007 பதில். கூட்டம் வெற்றியை மட்டும் தேடிப் போகும் என்ற நினைப்புக்கு 28,261 பதில். லீக் ஆட்டத்துக்கு வருவது என்பது அந்த ரசிகர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது போன்ற ஒழுக்கம். அந்த ஒழுக்கம் மைதானத்தோடு இடிபடவில்லை.

மாறிய பிறகு

2002 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கிழக்கு மான்செஸ்டரில் கட்டிய அரங்கம், ஓடுபாதையை எடுத்து, தரையைத் தோண்டித் தாழ்த்தி, சுமார் 48,000 இருக்கையாக்கிச் சிட்டியிடம் குத்தகைக்கு விடப்பட்டது. மெயின் ரோடு நகராட்சிக்குப் போனது. வாடகையும் மெயின் ரோட்டை அளவுகோலாக வைத்தே அமைந்தது: பழைய கொள்ளளவுக்கு மேல் விற்கும் டிக்கெட் வருமானத்தில் நகராட்சிக்குப் பங்கு. பழைய மைதானத்துக்கு இதைவிட நுட்பமான நினைவுச்சின்னம் இல்லை.

மெயின் ரோட்டில் சிட்டியின் கடைசி கோலைப் போட்டவர் மார்க்-விவியன் ஃபோ, 2003 ஏப்ரல் 21, சண்டர்லாந்துக்கு எதிராக. ஜூன் 26 அன்று பிரான்சில் கேமரூனுக்காக ஆடிக்கொண்டிருந்தபோதே சரிந்து இறந்தார். அவர் அணிந்த 23ஆம் எண்ணைக் கிளப் அதன்பின் யாருக்கும் கொடுக்கவில்லை. ஜூலையில் மைதானத்தின் சாமான்களை ஏலம் விட்டதில் ஒரு லட்சம் பவுண்டு சேர்ந்தது. அது மாஸ் சைடு பகுதி மக்களுக்கான பணிகளுக்குப் போனது. இடிப்புக்குப் பின் சில ஆண்டு வெறும் மனையாகக் கிடந்து, பிறகு 474 வீடுகள் எழுந்தன. ரசிகர்கள் பாடும் பாட்டின் பெயரில் அங்கே ஒரு தெரு இருக்கிறது.

புதிய அரங்கம் பெரிது, விரிவாக்கத்துக்குப் பின் 60,000க்கும் மேல் கொள்ளும். ஆக எண்ணிக்கை திரும்பி வந்துவிட்டது, ஏக்கம் போகவில்லை. அணி கோப்பைகளை அள்ளியும் போகவில்லை. இந்த ஆய்வின் மையக் கேள்விக்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

2022 ஜனவரியில் இங்கிலாந்தில் பாதுகாப்பாக நின்று பார்க்கும் முறை சோதிக்கப்பட்டபோது முதலில் சேர்ந்த ஐந்து கிளப்களில் சிட்டியும் ஒன்று. அடுத்த சீசன் முதல் விரும்பும் கிளப்கள் எல்லாவற்றுக்கும் திறந்துவிட்டார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்புயரக் கம்பி, அதில் மடங்கும் இருக்கை. வரிசைக்கு வரிசை கம்பி இருப்பதால் சாய்வு ஒரு வரிசையைத் தாண்டாது. ஆனால் ஓர் இருக்கைக்கு ஓர் ஆள் என்பதே விதி, அடர்த்தி சதுர மீட்டருக்கு 2.5 பேரிலேயே நிற்கும். 4.7 திரும்பாது. திரும்பவும் கூடாது.

வேறொரு கிளப் பழைய மைதானத்தை விட்டுப் போவதானால் இந்த நிகழ்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. பாடுகிறவர்கள் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பதை வரைபடம் போடும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். அவர்களை நான்கு மூலைக்கும் சிதறடித்து டிக்கெட் விற்றுவிட்டுப் பிறகு மேளம் வைத்துக் கூட்டுவது நடக்காது. அந்தப் பக்கம் ஒரே அடுக்காக இருக்க வேண்டும், கூரை அந்த அடுக்கின் மேல் தாழ்வாக வர வேண்டும். சீசன் டிக்கெட்டை ஆளுக்கு ஒன்றாக விற்காமல் குழுவாகப் பதிவு செய்யவும், நடு சீசனில் இடம் மாற்றிக்கொள்ளவும் வழி வைக்க வேண்டும். கிப்பாக்ஸின் கம்பி செய்த வேலையை ஓரளவாவது செய்யக்கூடியது அது ஒன்றுதான். அப்பாவின் இருக்கைக்குப் பக்கத்தில் சிறுவர் கட்டணத்தில் ஓர் இருக்கை எப்போதும் ஒதுக்கி வைக்க வேண்டும். பழைய மைதானம் இடிபடும் முன் அதன் கூரை உயரம், படி அளவு, எல்லைக்கோட்டிலிருந்து முதல் வரிசைக்கான தூரம், வாயில்களின் எண்ணிக்கை, நிறைந்த கூட்டத்தின் ஒலிப்பதிவு எல்லாவற்றையும் அளந்து வைத்துவிட வேண்டும். ஏலம் விடும் நாளில் நாற்காலிக்கும் புல்கட்டிக்கும் பெயர்ப்பலகைக்கும் விலை கேட்க ஆள் வருவார்கள். ஒரு கேலரியின் சரிவைக் கேட்டு எவரும் வருவதில்லை.